எங்கள் சேவ் ஃபைலைக் கொடுங்கள்: கிளவுட் கேமிங் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளவுட் கேமிங் சேவைகளை நடத்தும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கும், அவற்றில் கேம்களை வெளியிடுபவர்களுக்கும்,

கேமை உங்கள் சர்வரில் ஓட்டி, இணையம் வழியாகக் காட்சியை மட்டும் எங்கள் திரைக்கு அனுப்பும் உங்களில் ஒரு நிறுவனத்திடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நான்கே வரி. நான் விளையாடிக்கொண்டிருந்த கேம் இந்த மாத இறுதியோடு சேவையிலிருந்து எடுக்கப்படுகிறது, இதுவரை விளையாடியதற்கு நன்றி, இதோ புதிதாக வரும் கேம்களின் பட்டியல். அவ்வளவுதான். அந்த கேமில் நானும் என் மகளும் இரண்டு வருடமாக ஓர் ஊரைக் கட்டிக்கொண்டிருந்தோம். 412 மணி நேரம் என்று கணக்குப் பக்கம் காட்டுகிறது. ஆற்றின் குறுக்கே அவள் போட்ட கோணல் பாலம், எழுத்துப்பிழையோடு பெயர் வைத்த கோழிகள், நான் மூன்று ராத்திரி உட்கார்ந்து சரிசெய்த வாய்க்கால், இதெல்லாம் என்ன ஆகும் என்று அந்த நான்கு வரியில் ஒரு வார்த்தை இல்லை.

கேம் போவதைப் பற்றி நான் சண்டைக்கு வரவில்லை. உரிம ஒப்பந்தம் முடிந்தால் வெளியிட்டவர் எடுத்துக்கொள்வார். சந்தா கட்டும்போதே அது தெரியும். அதே கேம் வேறொரு கடையில் டவுன்லோடு செய்யக் கிடைத்தது. காசு கொடுத்து வாங்கியும்விட்டேன். என் பழைய லேப்டாப்பில் மரங்கள் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் தெரிகின்றன, பரவாயில்லை. அப்புறம் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன்: எங்கள் சேவ் ஃபைலை, அதாவது நாங்கள் கட்டியதெல்லாம் பதிவாகியிருக்கும் கோப்பை, மட்டும் அனுப்பிவிடுங்கள். அதை வெளியே எடுக்கும் வசதி இல்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே பதில், கீழே வேறு பெயர். மூன்றாவது முறை எழுதியதும் என் கோரிக்கை "தீர்க்கப்பட்டது" என்று குறித்து மூடிவிட்டார்கள்.

"அது நான் போட்ட பாலம்தானேப்பா, அவங்க எதுக்கு வெச்சிக்கிறாங்க?" என்று மகள் கேட்டாள். பயன்பாட்டு நிபந்தனைகளை எடுத்து அவளுக்கு விளக்கிப் பார்த்தேன். பாதியிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதனால் கேள்வியை உங்களிடமே அனுப்புகிறேன்.

அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயரை எழுதினால் மற்றவர்கள் எல்லாம் இது தங்களுக்கு இல்லை என்று நகர்ந்துவிடுவீர்கள்.

வசதி இல்லை என்கிறீர்களே, அதை எடுத்துக்கொள்வோம். இரண்டு வருடமாக நான் ராத்திரி கேமை மூடி, மறுநாள் திறந்தால், கோழிகள் விட்ட இடத்தில் நிற்கின்றன. ஒவ்வொரு முறையும் எனக்குக் கிடைப்பது ஒரே கம்ப்யூட்டர் இல்லை. உங்கள் டேட்டா சென்டரில் எது காலியாக இருக்கிறதோ அது. அப்படியென்றால் நான் வெளியேறும்போது என் சேவ் எங்கேயோ எடுத்துவைக்கப்படுகிறது, திரும்பி வரும்போது புது மெஷினில் கொண்டுவந்து போடப்படுகிறது. தினமும் நடக்கும் வேலை. இதே வேலையைக் கடைசியாக ஒருமுறை என் பக்கம் செய்யச் சொல்கிறேன்.

அளவையும் பார்த்துவிட்டேன். புதிதாக வாங்கிய பிரதியில் ஒரு சின்ன ஊரைத் தொடங்கி, சேவ் ஃபைல் எவ்வளவு என்று பார்த்தால் 4 எம்பி. எங்கள் பழைய ஊர் பெரியது, பத்து எம்பி என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் விளையாடிய தரத்தில், விநாடிக்கு 20 மெகாபிட் என்ற கணக்கில், ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் எனக்கு அனுப்பும் வீடியோ 9 ஜிபி. 412 மணி நேரத்துக்குப் பெருக்கினால் 3700 ஜிபியைத் தாண்டுகிறது. இவ்வளவையும் மூச்சு விடாமல் அனுப்பிய சர்வரால், அதே வேகத்தில் நான்கே விநாடி எடுக்கும் ஒரு கோப்பை அனுப்ப முடியாதா?

கேமை இப்படி வீடியோவாக அனுப்பும் ஸ்ட்ரீமிங்கின் எதிரி இல்லை நான். சொல்லப்போனால் உங்கள் தொழில்நுட்பத்துக்கு என்னைவிடப் பெரிய ரசிகன் கிடைப்பது கஷ்டம். என் லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. வீடியோ கால் ஒன்றுக்கே அதன் ஃபேன் விமானம் கிளம்புவதுபோல் சத்தம் போடும். அதில் ஒரு பிரவுசர் டேபைத் திறந்து, புத்தம் புதிய கேம் ஒன்று முழு அழகோடு ஓடுவதை முதல்முறை பார்த்த ராத்திரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நூறு ஜிபி டவுன்லோடு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அப்டேட் வேண்டாம். ஹாலில் டிவியில் பாதி விளையாடிவிட்டு, மீதியைப் படுக்கையில் போனில் தொடரலாம். புது கன்சோல் வாங்கும் சக்தி இல்லாத எத்தனையோ பேருக்கு இது ஒரு கதவு. 2022இல் சாம்சங் டிவிகளில் எக்ஸ்பாக்ஸ் செயலி வந்தபோது, இனி கன்சோல் பெட்டியே தேவையில்லாத காலம் வரப்போகிறது என்று சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

பெட்டி போவதன் மறுபக்கம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. பட்டனை அழுத்தினால் அந்தச் செய்தி உங்கள் டேட்டா சென்டருக்குப் போகிறது. அங்கே ஒரு மெஷின் கேமை ஓட்டி, காட்சியை வீடியோவாகச் சுருக்கி அனுப்புகிறது. அதை விரித்துக் காட்டுவது மட்டும்தான் என் பக்கத்து வேலை. என் வீட்டில் இருப்பது வெறும் திரை. கேமும் அதன் கோப்புகளும் நான் அதில் செய்த அத்தனையும் உங்கள் வீட்டில். முன்பெல்லாம் மெமரி கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போவோம். கார்டு தொலைந்தால் திட்டுவதற்கு நம்மைத் தவிர ஆள் இல்லை. இப்போது தொலைப்பது நீங்கள், அழுவது நாங்கள்.

கிளவுட் கேமிங் என்றாலே எல்லோரும் லேக், அதாவது பட்டனை அழுத்துவதற்கும் திரையில் அது நடப்பதற்கும் இடையிலான தாமதம், பற்றித்தான் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படங்கள், ஓடும் கேமில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிவிநாடி. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். சர்வர் 1000 கிலோமீட்டர் தள்ளியிருந்தால் போய்வர மட்டுமே 10 மில்லிவிநாடி ஆகிவிடும். வீடியோவைச் சுருக்குவது, விரிப்பது, வழியிலுள்ள ரவுட்டர்கள், வீட்டு வைஃபை எல்லாம் அதற்கு மேல். சண்டை கேம்களில் நான் தோற்பதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்லிவருகிறேன், மகள் நம்புவதில்லை. ஆனால் லேக்கைப் பொறியாளர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். கோழிக்குத் தீனி போடுவது அரை விநாடி தாமதமானால் கோழி செத்துவிடாது. சேவ் ஃபைல் விவகாரத்தில் பொறியாளருக்குத் தீர்க்க ஒன்றுமே இல்லை. நிர்வாகி ஒருவர் சரி என்று சொல்ல வேண்டும்.

இதைத் துணிந்து சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள், அதுவும் கடையைக் கட்டும் நேரத்தில். கூகுளின் கிளவுட் கேமிங் சேவையான ஸ்டேடியா 2019 நவம்பர் 19 அன்று 14 நாடுகளில் தொடங்கியது. 2023 ஜனவரி 18 அன்று மூடப்பட்டது. மூடும் அறிவிப்பு வந்த விதம் மோசம். தங்கள் கேமை அதில் வெளியிடத் தயாராகிக்கொண்டிருந்த டெவலப்பர்கள் சிலருக்கே மற்றவர்களோடு சேர்ந்து செய்தியில்தான் விஷயம் தெரிந்தது. ஆனால் தங்கள் கடையில் விற்ற கன்ட்ரோலருக்கும் கேம்களுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். என்னைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய விஷயம், கூகுளில் இருக்கும் நம் தரவுகளை இறக்கிக்கொள்ள உதவும் கூகுள் டேக்அவுட் வழியாகப் பயனர்கள் தங்கள் சேவ் ஃபைல்களை இறக்கிக்கொள்ள முடிந்தது. சைபர்பங்க் 2077 விளையாடியவர்கள் அப்படி எடுத்த கோப்பைத் தங்கள் கம்ப்யூட்டரில் போட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வது எப்படி என்று அந்த கேமைத் தயாரித்தவர்களே வழி சொல்லிக்கொடுத்தார்கள். ஸ்டேடியா ஓடியது லினக்ஸில். வீட்டில் பலரிடம் இருப்பது விண்டோஸ். அப்படியும் நடந்தது. சாகப்போகும் சேவை ஒன்றால் முடிந்தது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் உங்களால் முடியவில்லை என்கிறீர்கள்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விளையாடிச் சேர்த்த முன்னேற்றம் முழுக்க வெளியீட்டாளரின் சர்வரில் இருந்த ஆன்லைன் கேம்களில் டேக்அவுட்டால் பயன் இல்லை. ரெட் டெட் ஆன்லைன் என்ற கேமில் ஏறத்தாழ 6000 மணி நேரம் செலவழித்திருந்த ஒரு ஸ்டேடியா பயனர், தன் கதாபாத்திரத்தை வேறு தளத்துக்கு மாற்றித்தரும்படி பொதுவெளியில் கேட்க வேண்டியிருந்தது. யூபிசாஃப்ட் தன் கேம்களை ஸ்டேடியாவில் வாங்கியவர்களுக்குக் கம்ப்யூட்டர் பிரதி தந்தது. ஹிட்மேன் கேம்களைத் தயாரிப்பவர்கள் முன்னேற்றத்தை எடுத்துச்செல்ல வழி செய்தார்கள். மனம் இருந்தவர்கள் செய்தார்கள், அவ்வளவுதான். என் 412 மணி நேரம் யாரோ ஒருவரின் நல்ல மனசை நம்பி இருக்க வேண்டுமா?

அதற்கு முந்தைய கதை இன்னும் கசப்பு. ஆன்லைவ் 2010இல் வந்தது. கம்ப்யூட்டர் கேம்களை இணையம் வழியாகவே ஓட்டிக்காட்டி எல்லோரையும் வாய்பிளக்க வைத்த சேவை. 2015 ஏப்ரல் 30 அன்று நின்றுபோனது. அதன் காப்புரிமைகளைச் சோனி வாங்கிக்கொண்டது. காப்புரிமைகளுக்கு வாரிசு கிடைத்தது, அங்கே விளையாடியவர்களின் சேவ்களுக்குக் கிடைக்கவில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் சேவைகளிலும் நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஜிஃபோர்ஸ் நவ் என்ற கிளவுட் கேமிங் சேவை, நாம் வேறு கடையில் வாங்கிய கேமைத் தன் சர்வரில் ஓட்டித்தருகிறது. அந்தக் கடை சேவ்களைத் தன் பக்கம் சேமிக்கும் வசதி வைத்திருந்தால், அதே சேவ் ஃபைலை நாளைக்கு நம் சொந்தக் கம்ப்யூட்டரில் தொடரலாம். 2020 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் பிளிஸார்ட் என்ற கேம் நிறுவனம் தன் கேம்களை அதிலிருந்து எடுத்துக்கொண்டபோது பலருக்கும் எரிச்சல்தான், ஆனால் வாங்கிய கேம் வாங்கிய கடையிலேயே இருந்தது. எக்ஸ்பாக்ஸிலும் கன்சோலில் விட்டதைக் கிளவுடில் தொடரலாம், கிளவுடில் விட்டதைக் கன்சோலில் தொடரலாம். வழி தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

உங்கள் தரப்பு வாதங்களையும் கேட்டிருக்கிறேன். சேவ் ஃபைலை வெளியே கொடுத்தால் திருத்திவிடுவார்கள், ஏமாற்று வேலை நடக்கும் என்பது ஒன்று. போட்டி நடக்கும் ஆன்லைன் கேம்களுக்கு அது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது தனியாளாக விளையாடும் கேம்களின் சேவ் ஃபைலை. என் சொந்தக் கோழிகளை நானே ஏமாற்றினால் யாருக்கு நஷ்டம்? கோப்பின் வடிவம் வேறு, வேறு தளத்தில் திறக்காது என்பது இன்னொன்று. திறக்காவிட்டால் பரவாயில்லை, கொடுங்கள். மாற்றும் கருவியை எழுதிக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். இருபது வருடம் பழைய கேமுக்கு இன்றைக்கும் மோட், அதாவது ரசிகர்களே செய்யும் மாற்றங்கள், எழுதுகிற கூட்டம் இது. வெளியீட்டாளர் சம்மதம் வேண்டும் என்கிறீர்கள். சரி, அதனால்தான் இந்த மடலை வெளியீட்டாளர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் எவ்வளவு நுணுக்கமாகப் பேசத் தெரிந்தவர்கள் நீங்கள் என்பதை உலகமே பார்த்தது. 2023 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷன் பிளிஸார்டை வாங்குவதைப் பிரிட்டனின் போட்டி ஆணையம் தடுத்தபோது, சொன்ன காரணம் கிளவுட் கேமிங் சந்தைதான். அடுத்த 15 ஆண்டுகளில் வரும் கேம்கள் உட்பட ஆக்டிவிஷன் கேம்களின் ஸ்ட்ரீமிங் உரிமையை, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே, யூபிசாஃப்ட்டுக்குக் கொடுப்பதாக மாற்றிய பிறகுதான் அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. இன்னும் பிறக்காத கேம்களுக்குக்கூட யாருக்கு எந்த உரிமை என்று எழுதிவைக்க முடிந்திருக்கிறது. பிறந்து இரண்டு வருடமான என் ஊருக்கு ஒரு வரி எழுத முடியாதா?

வாங்குவது என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். சந்தாவில் வரும் கேம் வாடகை வீடு மாதிரி, புரிகிறது. ஆனால் உங்களில் சிலர் கேம்களை முழு விலைக்குத் தனியாகவும் விற்கிறீர்கள், கிளவுடில் மட்டுமே ஓடும் பதிப்புகளை. அந்தப் பட்டனில் "வாங்கு" என்று எழுதியிருப்பது எந்த அர்த்தத்தில்? கலிபோர்னியாவில் 2024இல் ஒரு சட்டம் போட்டார்கள். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. திரும்பப் பறிக்கக்கூடிய டிஜிட்டல் பொருளை, இது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்று விற்கக்கூடாது. இதைச் சொல்ல ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதே வெட்கக்கேடு.

2014இல் வந்த தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று அணைக்கப்பட்டன. சர்வர் இல்லாமல் ஓடாத கேம் என்பதால், டிஸ்க்கை வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் அது வெறும் தட்டாகிவிட்டது. அந்தக் கோபத்தில் தொடங்கிய, விற்ற கேம்களைச் சாகடிக்காதீர்கள் என்று கேட்கும் "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்" இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்து சேர்ந்தது. கிளவுடில் மட்டும் இருக்கும் கேமுக்கு அந்தத் தட்டுகூட மிஞ்சாது. ஸ்டேடியாவோடு 2019இல் வந்த கில்ட் என்ற கேம், ஸ்டேடியா மூடியதும் சுமார் ஆறு மாதம் எங்கேயும் கிடைக்கவில்லை; 2023 ஜூலையில் வேறு தளங்களுக்கு வந்ததால் பிழைத்தது. டிஸ்க்கும் கேட்ரிட்ஜும் இருந்த காலத்து கேம்களின் நிலைமையே மோசம். 2010க்கு முன் அமெரிக்காவில் வந்த பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது. அவற்றில் பல பிழைத்திருப்பதற்குக் காரணமே யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் ஒரு பிரதி கிடந்ததுதான். உங்கள் டேட்டா சென்டருக்குப் பரண் கிடையாது.

என் கோரிக்கைகள் இவை.

முதலில் சேவ் ஃபைல். தனியாள் கேம்கள் எல்லாவற்றுக்கும், கணக்குப் பக்கத்தில் ஒரு டவுன்லோடு பட்டன் வையுங்கள். கேம் விலக்கப்படும் நேரத்தில் மட்டும் இல்லை, எந்த நாளும் வேலை செய்ய வேண்டும். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி, காத்திருந்து, கெஞ்சி வாங்குவதாக இருக்கக் கூடாது. சந்தாவை நிறுத்தியவருக்கும், கேம் போய்விட்டவருக்கும் குறைந்தது ஒரு வருடம் அந்தக் கோப்பு கிடைக்க வேண்டும்.

விலக்கும் அறிவிப்பைக் குறைந்தது 90 நாள் முன்பாகக் கொடுங்கள். அந்த அறிவிப்பிலேயே சேவ் என்ன ஆகும், எங்கே எடுக்கலாம் என்று எழுதுங்கள். புதிய கேம்களின் பட்டியல் அடுத்த மின்னஞ்சலில் வரட்டும்.

கிளவுடில் மட்டும் விற்கும் கேமின் பட்டனில் "வாங்கு" என்று போடாதீர்கள். போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், சேவை நிற்கும்போது பணத்தையோ ஓடக்கூடிய பிரதியையோ தருவதாக அதே பக்கத்தில் எழுதிக்கொடுங்கள்.

வெளியீட்டாளர்களுக்கு: ஒரு கேமைக் கிளவுடில் மட்டும் வெளியிட ஒப்பந்தம் போட்டால், அந்தச் சேவை மூடப்பட்டதும் வேறு இடத்தில் வெளியிடும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்திடுங்கள். முடிந்தால் ஒரு பிரதியை கேம்களைப் பாதுகாக்கும் ஆவணக் காப்பகம் ஒன்றிடம் ஒப்படையுங்கள்.

கடைசியாக, எனக்குப் பதில் எழுதிய அந்த ஒரு நிறுவனத்துக்கு. மாதம் முடிய இன்னும் 11 நாள் இருக்கிறது. மூடிவிட்ட என் கோரிக்கையின் எண் உங்களிடம் இருக்கிறது. அதை மறுபடி திறந்து, அந்தக் கோப்பை அனுப்புங்கள். எந்த வடிவத்தில் இருந்தாலும் சரி. பாலத்துக்குக் கைப்பிடி வைக்கும் வேலை பாதியில் நிற்கிறது.

இப்படிக்கு,
412 மணி நேரம் சந்தா கட்டி விளையாடிய ஒருவன்